புளியமரத்தில் அறைந்த காதல்

தென்பெண்ணையின் வடகரையில், புதுச்சேரி எல்லை முடிந்து கடலூர் எல்லை தொடங்கும் இடத்தில் இருக்கிறது சோரியாங்குப்பம். பாகூர் கொம்யூனைச் சேர்ந்த ஊர். இந்தப் பக்கத்து ஊர்களில் புதிதாகக் கல்யாணமான பெண்ணுக்குப் பெரியவர்கள் சொல்லும் புத்திமதிகள் சில உண்டு. உச்சி வேளையில் ஆற்றோரம் தனியாகப் போகாதே. தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் நிற்காதே. கறிக்குழம்பு எடுத்துப் போனால் கூடவே ஒரு கரித்துண்டு வைத்துக்கொள். பயப்படச் சொல்வது பாம்புக்கும் திருடனுக்கும் அல்ல. ஆசை அடங்காமல் செத்துப்போன ஒரு வாலிபனுக்கு. காதலித்தவள் கிடைக்காமல் தூக்கில் தொங்கியவன், மருந்து குடித்தவன், கிணற்றில் விழுந்தவன் அந்த இடங்களில்தான் இருப்பான். தனியாக வரும் பெண்ணைப் பார்த்தால் அவனுக்குப் பிடித்துவிடும். அவளைப் பிடித்துக்கொள்வான்.

பிடித்தபின் அவள் சாப்பிடமாட்டாள். தூங்கமாட்டாள். முகம் வெளுத்துப்போகும். புருஷனைப் பக்கத்தில் விடமாட்டாள். கழுத்தில் பல் பதிந்த தடம் இல்லை என்பதைத் தவிர, மேற்கத்திய ரத்தக்காட்டேரிக் காதல் கதைக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கின்றன. சாகவும் முடியாமல் வாழவும் முடியாமல் நிற்கும் இளைஞன் இருக்கிறான். தன் தனிமையைத் தாங்கமாட்டாமல் உயிருள்ள ஒருத்தியை அவன் தேடிவருகிறான். அவளும் தனியாக இருக்கிறாள். அவன் தொட்டதும் அவள் நம் உலகத்திலிருந்து பாதி விலகிப்போகிறாள்.

இதே கொம்யூனில் இன்று பேருந்தில் கல்லூரிக்குப் போகும் பெண்களால் பிரதிலிபி, வாட்பேட் போன்ற செயலிகளில் தமிழிலேயே எழுதப்படும் ரத்தக்காட்டேரிக் காதல் தொடர்களைப் படிக்க முடிகிறது. பாட்டி பயந்த அதே ஆள் பேத்தியின் கைப்பேசியில் கதாநாயகனாகிவிட்டான். இந்த மாற்றத்தை வெறும் மேல்நாட்டு மோகம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. இரண்டு கதைகளும் தனிமையைப் பற்றியவை, இரண்டும் அதற்கு மருந்து சொல்கின்றன. யாருடைய தனிமை, யார் செலவில் தீர்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

தென்னார்க்காட்டுப் பேயோட்டும் சடங்கைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நெருக்கமான பதிவு மானிடவியலாளர் இசபெல் நபோகோவுடையது. 1990களின் தொடக்கத்தில், தென்னார்க்காடு மாவட்டம் கடலூர், விழுப்புரம் என்று பிரிக்கப்படுவதற்கு முன்பே, அவர் செஞ்சிப் பக்கத்தில் தங்கிக் களப்பணி செய்தார். 1997இல் ஒரு கட்டுரையும் 2000இல் தமிழ்ச் சடங்குகளைப் பற்றிய முழு நூலும் வெளியிட்டார். அவர் பார்த்த நிகழ்வுகளில் பிடித்த பேய் பெரும்பாலும் காதலில் தோற்றுச் செத்த இளைஞன். பிடிபட்டவள் பெரும்பாலும் புது மணப்பெண். பல பெண்கள் புகுந்த வீட்டில் ஒட்டமுடியாமல் தாய்வீடு திரும்பியிருந்தார்கள். பேயை ஓட்டுபவர்கள் பம்பைக்காரர்கள். மேல்மலையனூர் அங்காளம்மன் போன்ற தெய்வங்களின் துணையோடு அவர்கள் பம்பை அடித்துப் பாடி, பெண்ணை ஆடவைத்துப் பேயைப் பேசவைக்கிறார்கள்.

யார் நீ, எந்த ஊர், எப்படிச் செத்தாய், எங்கே பிடித்தாய், என்ன வேண்டும் என்று கேள்விகள் வரிசையாக வரும். பதில் அவள் வாயிலிருந்து வரவேண்டும். ஆனால் அவள் குரலாக அல்ல, அவன் குரலாக. அவன் பேரையும் ஊரையும் சொல்லி, போகிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகு, அவள் தலையில் அவன் உட்கார்ந்திருக்கும் முடிக்கற்றை எது என்று காட்டச் சொல்கிறார்கள். அந்தக் கற்றையை முடிச்சுப் போடுகிறார்கள். அவனுக்குக் காணிக்கையாகக் கோழி அறுக்கப்படுகிறது. பிறகு அவள் கையில் ஒரு பெரிய கல்லைக் கொடுக்கிறார்கள். அந்தக் கனம் அவனுடைய கனம். அதைச் சுமந்துகொண்டு அவள் ஊருக்கு வெளியே உள்ள புளியமரத்தை நோக்கி ஓடவேண்டும். மரத்தடியில் கல்லைப் போட்டதும் முடிச்சிட்ட கற்றையை வெட்டி மரத்தில் ஆணி வைத்து அறைந்துவிடுகிறார்கள். அதோடு அவன் மரத்துக்கு உரியவன், அவள் புருஷனுக்கு உரியவள்.

ஆணி என்பது இந்தக் கதைக் குடும்பம் முழுவதிலும் ஓடிவரும் இரும்பு. கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த மலையாளத் தொன்மக் கதைகளில் கடமற்றத்துக் கத்தனார் யட்சியின் உச்சந்தலையில் இரும்பாணியை இறக்குகிறார். வழிப்போக்கரிடம் சுண்ணாம்பு கேட்டு மயக்கிக் கொல்லும் அந்த அழகி உடனே அடக்கமான வேலைக்காரியாகிவிடுகிறாள். ஒருநாள் கிழவி ஒருத்தி அவள் தலையைக் கோதும்போது விரலில் ஆணி தட்டுப்படுகிறது. இரக்கப்பட்டு அதை எடுத்ததும் யட்சி பழைய வடிவம் கொண்டு போய்விடுகிறாள். மலாய் மக்களின் பொந்தியானாக் பிரசவத்தில் செத்த பெண்ணின் ஆவி. அவள் பிடரியில் ஆணி அடித்தால் அவளும் நல்ல மனைவியாகிக் குடும்பம் நடத்துவாள். சிங்கப்பூரில் 1957இல் அவளைப் பற்றி எடுக்கப்பட்டுப் பெரும் வெற்றி பெற்ற படத்தின் இயக்குநர் பி.என். ராவ் இந்தியாவிலிருந்து போனவர். பிராம் ஸ்டோக்கரின் 1897ஆம் ஆண்டு நாவலான டிராகுலாவில் ரத்தக்காட்டேரியாகிவிட்ட லூசியின் மார்பில் மரமுளையை இறக்குபவன் அவளை மணக்கவிருந்த ஆர்தர்.

மற்ற மூன்று கதைகளிலும் இரும்போ முளையோ பெண்ணின் உடம்பில் இறங்குகிறது. தென்னார்க்காட்டில் மட்டும் அவள் உடம்பை விட்டுவிட்டு மரத்தில் இறங்குகிறது. அவள் இழப்பது ஒரு கற்றை முடி. நம் பகுதிச் சடங்கில் இருக்கும் இந்தக் கருணையை நான் சிறியதாக நினைக்கவில்லை.

மேற்கத்திய ரத்தக்காட்டேரிக்குத் தனிமை பிறவிக்குணம் அல்ல. 1816இன் மழைக்காலம் போன்ற அந்தக் கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் கவிஞர் பைரனைச் சுற்றி நடந்த பேய்க்கதைப் பேச்சிலிருந்து முளைத்து 1819இல் வெளியான ஜான் பொலிடோரியின் கதையில் அவன் வெறும் வேட்டைக்காரப் பிரபு. டிராகுலா நாவல் முழுக்க நாட்குறிப்புகளாலும் கடிதங்களாலும் ஆனது. எல்லோரும் எழுதுகிறார்கள், டிராகுலாவுக்கு மட்டும் நாட்குறிப்பு இல்லை. அவன் என்ன உணர்ந்தான் என்று நமக்குத் தெரியவே தெரியாது.

அவனுக்கு வாய் கொடுத்தது ஒரு தாயின் துக்கம். அமெரிக்க எழுத்தாளர் ஆன் ரைஸின் மகள் மிஷேல் 1972இல் ரத்தப்புற்றுநோயில் இறந்தாள். ஆறு வயதுகூட நிரம்பவில்லை. நான்கு ஆண்டு கழித்து, 1976இல், ரைஸின் முதல் நாவல் வந்தது. சான்பிரான்சிஸ்கோவில் ஓர் அறையில் லூயி என்ற ரத்தக்காட்டேரி தன் வாழ்க்கையை இளைஞன் ஒருவனிடம் சொல்கிறான். இளைஞன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, நாடா முடிய முடிய மாற்றிக்கொண்டே கேட்கிறான். லூயியின் கதையின் நடுவே இருப்பவள் கிளாடியா. ஐந்து வயதில் ரத்தக்காட்டேரியாக்கப்பட்டவள். மனம் வளர்ந்து பெண்ணாகிறது, உடம்பு ஐந்து வயதிலேயே நின்றுவிடுகிறது. ரத்தத்தால் சாகும் குழந்தையை ரத்தத்தாலேயே சாகாமல் வைத்துப் பார்க்கிற கதையை மகளை இழந்தவள் எழுதுகிறாள். ஆனாலும் அவளால் அந்தக் குழந்தையைக் கடைசிவரை காப்பாற்ற முடியவில்லை. கதையிலும் கிளாடியா அழிகிறாள்.

அந்த நாவலின் முடிவை ஆறுதல் பற்றிப் பேசுகிற எல்லோரும் கவனிக்க வேண்டும். இவ்வளவு துயரத்தையும் கேட்டு முடித்த இளைஞன், என்னையும் உன்னைப் போல ஆக்கிவிடு என்கிறான். லூயி கொதித்துப்போகிறான். இரவெல்லாம் பேசியும் அவன் சொன்ன தனிமை எதிரே இருந்தவன் காதில் ஏறவில்லை. நாடாவில் எல்லாம் பதிவாகியிருந்தது. கேட்கப்படவில்லை.

இதற்குப் பிறகு வந்த காதல் கதைகள் அந்தக் கேட்கும் வேலையை ஒரு பெண்ணிடம் ஒப்படைத்தன. 2005இல் வந்த ஸ்டெஃபனி மேயரின் டுவைலைட் இதில் பெரிய உதாரணம். எட்வர்ட் 1918இல் சிகாகோவில் ஸ்பானியக் காய்ச்சலில் சாகக்கிடந்த பதினேழு வயதுப் பையன். பெற்றோர் இருவரும் அதே கொள்ளைநோயில் போய்விடுகிறார்கள். கார்லைல் என்ற மருத்துவர் அவனை ரத்தக்காட்டேரியாக்குகிறார். அதற்குக் காரணம் வெறும் இரக்கம் மட்டுமல்ல, பல காலம் துணையின்றி அலைந்த கார்லைலின் சொந்தத் தனிமையும்தான். எட்வர்ட் தூங்குவதில்லை. வயதாவதில்லை. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டு காத்திருந்து பெல்லாவைக் கண்டடைகிறான்.

பெல்லாவின் தனிமையைப் பற்றி யாரும் இவ்வளவு பேசுவதில்லை. தாய் இரண்டாம் கணவனோடு நிம்மதியாகப் போய்வரட்டும் என்று அவள்தான் ஊரை விட்டுத் தந்தையிடம் வருகிறாள். வந்த வீட்டில் தந்தைக்குச் சமைத்துப் போடுகிறாள். பதினேழு வயதிலேயே அப்பா அம்மா இருவருக்கும் அவள் தாய். பிறகு நூற்றாண்டுத் துயரம் சுமந்த ஒருவனுக்கும் தாயாகிறாள். 2008இல் வந்த நான்காவது நாவலில் பிரசவம் அவள் உயிரைப் பிடுங்குகிறது. செத்துப்போகும் நேரத்தில் அவளை ரத்தக்காட்டேரியாக்கிக் காப்பாற்றுகிறார்கள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், பிள்ளைப்பேற்றில் செத்துப் பேயானவள்.

பிள்ளை வயிற்றோடு செத்தவளுக்கு நம் பகுதியில் ஒரு வைத்தியம் இருந்தது. சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு பலகைக்கல்லைக் கிடத்தி, பாதையோரத்தில் தோள் உயரத்துக்கு நிறுத்துவார்கள். இறக்கிவைக்காமலே போன வயிற்றுச் சுமையோடு அவள் தவிக்கிறாள். விறகுக்கட்டோடு வருபவளும் நெல்மூட்டையோடு வருபவனும் அந்தக் கல்லில் பாரத்தை இறக்கிவைத்துப் பெருமூச்சு விடும்போதெல்லாம் அவள் பாரமும் கொஞ்சம் இறங்கும் என்பது நம்பிக்கை. அவளை விரட்டவில்லை, கட்டிப்போடவில்லை. பத்துப்பேர் வந்துபோகும் வழியில் ஒரு வேலை கொடுத்து நிறுத்தினார்கள். லாரியும் டெம்போவும் வந்தபிறகு தலைச்சுமை குறைந்துவிட்டது. சாலை அகலமானபோது பல கற்கள் போய்விட்டன. செத்தவளின் தனிமைக்கு ஊரே சேர்ந்து செய்த இதைவிட நல்ல மருந்தை எந்த ரத்தக்காட்டேரி நாவலிலும் நான் படித்ததில்லை.

டுவைலைட் போன்ற கதைகளை வாசிக்கும் பெண்ணை ஏளனம் செய்வது எளிது, பலர் செய்கிறார்கள். ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே அப்படிச் செய்யவில்லை. அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஓர் ஊரில், ஒரு புத்தகக் கடைக்கு வந்துபோன 40க்கும் மேற்பட்ட பெண்களிடம் காதல் நாவல்கள் ஏன் படிக்கிறீர்கள் என்று கேட்டு 1984இல் நூலாக எழுதினார். அவர்களில் பலர் குடும்பத் தலைவிகள். எல்லோரையும் கவனித்துக்கொள்கிறவர்கள், தங்களைக் கவனிக்க ஆளில்லாதவர்கள். புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கும் நேரம் மட்டும் தங்களுக்குச் சொந்தம் என்றார்கள். முரடனாகத் தொடங்கி கடைசியில் தாய்போலக் கனிந்து நிற்கும் கதாநாயகனிடம் அவர்கள் தேடியது கவனிப்பு. நம் ரமணிசந்திரன் நாவல்களை மாத இதழாகக் கடையில் வாங்கி, அடுப்படியில் மறைத்துவைத்துப் படித்த தலைமுறைக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ரத்தக்காட்டேரிக் காதலன் அந்தக் கதாநாயகனின் உச்சக்கட்ட வடிவம். அவனுக்குத் தூக்கம் இல்லை, வேலைக்குப் போகவேண்டியதில்லை, நண்பர்களோடு குடிக்கப் போவதில்லை. இரவு முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருக்க அவனுக்கு நேரம் இருக்கிறது. புது மணப்பெண்ணுக்குப் பெரும்பாலும் கிடைக்காத பொருள் அதுதான்.

இந்த இடத்தில்தான் புளியமரத்தடிக்குத் திரும்பிப் பார்க்கவேண்டும். அங்கே பேசுவது யார்? மானிடவியலாளர் ஐ.எம். லூயிஸ் 1971இல் ஒரு விளக்கம் தந்தார். நேராகக் கேட்க உரிமையில்லாதவர்கள் ஆவியின் வாயால் கேட்கிறார்கள், பேய் பிடித்தல் என்பது ஒடுக்கப்பட்ட பெண்ணின் மறைமுக எதிர்ப்பு என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. நபோகோவ் இதற்கு உடன்படவில்லை. அவர் பார்த்தவரை, அவள் உள்ளத்தில் இருப்பது சடங்கில் வெளியே வருவதில்லை. செத்த காதலன், தனி இடம், ஆசை என்று கதை முன்பே தயாராக இருக்கிறது. கேள்விமேல் கேள்வி கேட்டு அவளை அந்தக் கதைக்குள் நுழைக்கிறார்கள். புருஷன்மேல் அவளுக்கு ஒட்டவில்லை என்பது, எவனோ ஒருவன் அவளைப் பிடித்திருக்கிறான் என்று மாறிவிடுகிறது. அவனை ஓட்டியதும் கணக்கு முடிந்தது. புகுந்த வீட்டில் என்ன நடந்தது என்பது விசாரணைக்கே வருவதில்லை.

எனக்கு நபோகோவ் சொல்வதே சரியென்று படுகிறது. ஐரிஷ்காரரான ஷெரிடன் லெ ஃபானு 1872இல் நூலாக வெளியிட்ட கார்மில்லாவில் இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ஆஸ்திரியாவின் காட்டுப்பகுதி மாளிகையில், தாயில்லாமல், தோழி வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருக்கும் லாராவிடம் கார்மில்லா வந்து சேர்கிறாள். அவள் ரத்தக்காட்டேரி என்று தெரிந்ததும் ஆண்கள் கூடி அவளை முளையடித்துத் தலையை வெட்டி எரிக்கிறார்கள். லாரா பிழைக்கிறாள். ஆண்டுகள் போன பிறகும் கூடத்து வாசலில் கார்மில்லாவின் காலடி கேட்பதுபோல அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. வந்தவளை ஓட்டினார்கள். தோழியில்லாமல் அவள் ஏங்கியதற்கு யாரும் எதுவும் செய்யவில்லை.

இலங்கையின் தெற்கே சிங்கள மக்களிடையே புரூஸ் கப்ஃபெரர் ஆராய்ந்த பேயோட்டுச் சடங்கு இதில் ஒரு படி முன்னே போகிறது. 1983இல் வந்த அவருடைய நூல்படி, அங்கே தனித்திருப்பதே நோயின் வாசல். உடம்பால் மட்டுமல்ல, மனத்தாலும் ஒருவர் தனித்துப்போகும் கணத்தில்தான் யக்கன் என்னும் பேயின் பார்வை படுகிறது. பெண்கள்மேல் மோகம் கொண்டு வரும் கறுப்பு இளவரசன் அவர்களுடைய பேய்களில் முக்கியமானவன். மருந்து என்னவென்றால் இரவு முழுக்க ஊர்கூடி உட்கார்வது. முன்னிரவில் பறையும் நெருப்பும் அச்சமுமாக நடக்கும் சடங்கு, விடியும் நேரத்தில் கேலிக்கூத்தாகிவிடுகிறது. பேய்வேடம் போட்டவர்கள் உளறுகிறார்கள், அடிவாங்குகிறார்கள். கூட்டம் சிரிக்கிறது. நோயாளியும் கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்கிறாரா என்று பார்க்கிறார்கள். சிரித்துவிட்டால் ஆள் திரும்பி வந்தாயிற்று. தனிமை என்று நோயைப் பெயர்சொல்லிக் கண்டுபிடித்து, அதற்கு நேரான மருந்தாகக் கூட்டத்தைக் கொடுக்கிறார்கள்.

டுவைலைட் வந்த அதே 2005இல் தமிழ்நாட்டில் ஓடிய படம் சந்திரமுகி. அதன் மூலமான 1993ஆம் ஆண்டு மலையாளப் படம் மணிச்சித்திரத்தாழில் கங்காவின் நோய்க்கு வேர் அவளுடைய குழந்தைப்பருவம். பெற்றோர் தூரத்து நகரத்துக்குப் போய்விட, பாட்டியோடு கிராமத்தில் விடப்பட்டு, கதைகளையே துணையாகக் கொண்டு வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பின் வேலையே கதியென்று கிடக்கும் கணவன். பூட்டிய அறையில் செத்துப்போன நாட்டியக்காரியின் கதை கிடைத்ததும் அவள் அதற்குள் போய்விடுகிறாள். தமிழில் வந்தபோது நாயகனின் சாகசம் பெரிதாகி இந்தத் தனிமை சிறிதாகிவிட்டது. நாம் இழந்தது படத்தின் உயிர்நாடியை என்றே நினைக்கிறேன்.

புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி உரிமை உண்டு. பேய் என்று தன்னையே அழைத்துக்கொண்ட ஒரு கவிஞர் இந்த மண்ணில் பிறந்திருக்கிறார்.

காரைக்காலில் வணிகக் குடும்பத்தில் பிறந்த புனிதவதியின் கதையைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் சொன்னார். அடியாருக்குக் கொடுத்துவிட்ட மாங்கனிக்குப் பதிலாக இறைவனிடம் கேட்டு இன்னொரு கனி வரவழைத்தவளைக் கண்டு கணவன் பரமதத்தன் பயந்துபோனான். கப்பலேறிப் போனவன் பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்கு இவள் பெயரையே வைத்தான். உறவினர் இவளைப் பல்லக்கில் கூட்டிப்போய் அவன்முன் நிறுத்தியபோது, மனைவி மகளோடு காலில் விழுந்தான். தெய்வம் என்று கும்பிட்டுக் கைவிட்டான். இதைவிடக் கொடிய தனிமை இருக்க முடியுமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அடித்தால் அழலாம், திட்டினால் பதில் பேசலாம். காலில் விழுகிறவனிடம் என்ன கேட்பது? அவனுக்காகச் சுமந்த அழகு இனி வேண்டாம் என்று சொல்லித் தசையை உதறிவிட்டுப் பேயுருவை வேண்டிப் பெற்றார். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் எலும்பு தெரிய, வற்றிய மார்போடு, கையில் தாளத்தோடு பாடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

அவர் போய்ச் சேர்ந்த இடம் திருவாலங்காடு. அதை ஒட்டியிருக்கும் ஊர் பழையனூர். அங்கே இன்னொருத்தி இருக்கிறாள், நீலி. முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள். மறுபிறவியில் வணிகனாக வந்த அவனை, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு துரத்தி வந்து, இவன் என் புருஷன் என்று ஊர்முன் வழக்கு வைத்தாள். பழையனூர் வேளாளர் எழுபதுபேர் அவள் கண்ணீரை நம்பி, உன் உயிருக்கு நாங்கள் பிணை என்று அவனுக்கு வாக்குத் தந்து இருவரையும் ஒரே வீட்டில் தங்கவைத்தார்கள். விடியும்போது அவன் பிணமாகக் கிடந்தான். வாக்குக்காக எழுபதுபேரும் தீயில் இறங்கினார்கள். கணவனால் அழிந்த இரண்டு பெண்கள் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் பேயாக நிற்கிறார்கள். ஒருத்தி குடல் உருவினாள். இன்னொருத்தி பாட்டு எழுதினாள்.

6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் அம்மையாரின் மூத்த திருப்பதிகங்கள் சுடுகாட்டைத் தெரிந்த ஆள் தெரிந்த வீட்டைச் சொல்வதுபோலச் சொல்கின்றன. எரியும் கட்டை, நரி, கூகை, பல் வெளுத்த பெண்பேய்கள். அங்கே ஒரு பேய் பிள்ளை பெறுகிறாள். காளி என்று பேர் வைக்கிறாள். புழுதி துடைக்கிறாள், பால் கொடுக்கிறாள். பிறகு எங்கோ போய்விடுகிறாள். தாய் வருவதைக் காணாமல் பிள்ளை அழுதழுது தூங்கிப்போகிறது. பேயின் பிள்ளை தனியாக அழுவதைக் கவனிக்க, அந்தத் தனிமையை உள்ளிருந்து அறிந்த ஒருவரால்தான் முடியும். ரைஸின் கிளாடியாவுக்கு ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு மூத்த பிள்ளை அது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது குரல். தென்னார்க்காட்டுச் சடங்கில் பெண் வாயால் செத்தவன் பேசுகிறான். டுவைலைட்டில் கதையைப் பெல்லா சொன்னாலும் பேச்சு முழுக்க அவனைப் பற்றி. அம்மையார் பதிகத்தின் முடிவில் தன்னைக் காரைக்கால் பேய் என்று சொல்லிக் கையெழுத்துப் போடுகிறார். யாரும் கேள்வி கேட்டு அந்தப் பேரை அவரிடமிருந்து பிடுங்கவில்லை. தலைமுடியை யாரும் வெட்டவில்லை. சிவனிடம் போய்ச் சேர்ந்ததும் அவருக்குக் கிடைத்தது காதலியின் இடம் அல்ல, தாயின் இடம். அம்மையே என்று அழைத்தாராம். பேயுருவோடே அவருக்கு இடம் கிடைத்தது. காரைக்காலில் ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா இன்றைக்கும் நடக்கிறது. மாடியிலிருந்து வீசும் மாங்கனியைப் பிடிக்கக் கூட்டம் நிற்கிறது.

புராணத்திலிருந்து நம் காலத்துக்கு வந்தால் விஷயம் கனக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி புதுச்சேரியில் லட்சம் பேருக்கு 29.7 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். நாட்டின் சராசரி 12.4. பல ஆண்டுகளாகவே இந்தப் பிரதேசம் பட்டியலின் மேல்வரிசையில் இருக்கிறது. புளியமரத்தில் அறையப்பட்ட பையன்கள் கதைப் பாத்திரங்கள் அல்ல. ஒவ்வொருவனும் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளை. அவன் ஏன் செத்தான் என்று ஊர் கூடி உரக்கக் கேட்கும் ஒரே சந்தர்ப்பம், செத்து ஆண்டுகள் கழித்து எவளோ ஒருத்தியின் தலையில் அவன் ஏறி நிற்கும்போது என்றால், உயிரோடு இருந்தபோது அவனிடம் யார் கேட்டார்கள் என்ற கேள்வி எழாமல் இருக்காது.

ஆறுதல் எங்கிருந்து வருகிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே அளந்து பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. மனநல மருத்துவர் ரகுராமும் சகாக்களும் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய, கடும் மனநோய் கொண்ட 31 பேரைப் பின்தொடர்ந்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அங்கே பேயோட்டுதல் கிடையாது, தனி வைத்தியமும் கிடையாது. வந்தவர்கள் துணைக்கு ஒரு சொந்தத்தோடு தங்கினார்கள், காலையில் பூசைக்கு நின்றார்கள், கோயிலில் சின்னச் சின்ன வேலை செய்தார்கள். சராசரியாக ஆறு வாரம். நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. இதை வைத்து மருந்து வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகியதும் நம்பிக்கையின் பேரால் நடத்தப்பட்ட இடத்தில்தான். முத்துசாமி கோயிலுக்கும் ஏர்வாடிக் கொட்டகைக்கும் உள்ள வித்தியாசம், பக்கத்தில் ஆள் இருந்தார்களா, காலில் சங்கிலி இருந்ததா என்பது.

ஆகவே பாகூர்ப் பக்கத்துப் பெண்கள் ரத்தக்காட்டேரிக் காதலைப் படிப்பதை ஆராய யாராவது வந்தால், அந்தக் கதாநாயகனின் கண்ணைப் பற்றியும் பல்லைப் பற்றியும் கேட்டு நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பேன். பம்பைக்காரரின் கேள்விகளே போதும், அவற்றை நேராக அவளிடமே கேட்கவேண்டும். நீ யார், எந்த ஊரிலிருந்து இங்கே வந்தாய், வந்த இடத்தில் யாரோடு பேசுகிறாய், ராத்திரி எத்தனை மணிவரை விழித்திருக்கிறாய், உனக்கு என்ன வேண்டும். பதிலை அவள் தன் பேரில் சொல்லட்டும். புருஷன் வீட்டாரையும் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லலாம், பொழுது விடிந்தாலும் பரவாயில்லை.